மோட்டாரு மேல பழி போடாதலே!

ஏலே பேராண்டி, ஊரையே கூட்டி வச்சுக் காட்டின கரண்டு சைக்கிள உருட்டிக்கிட்டு வாறியே, வண்டிக்குக் கால் வலியா? என்னது, மோட்டாரு செத்துப் போச்சா? நாடி புடிச்சுப் பாத்தது யாரு, நீதானா? அதுக்குள்ள புது மோட்டாருக்கு விலையும் விசாரிச்சாச்சாக்கும். சொத்துக்காரன்லே நீ. உக்காரு.

செயினும் நழுவுதா? சரி, ரெண்டு சீக்கு. ரெண்டையும் ஒரே மூட்டையாக் கட்டி மோட்டாரு தலையில வைக்காத. உன் மோட்டாரு பின்சக்கரத்து ஹப்புக்குள்ள உக்காந்து நேரா சக்கரத்தச் சுத்துது. அதுக்கும் செயினுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பெடலுக்கு நடுவுல மோட்டாரு வச்ச ரகம்னா கதை வேற. அதுல மோட்டாரு பலமும் செயின் வழியாத்தான் போயாகணும், செயினும் பல்லும் வெரசாத் தேயும். உன்னோடது அந்த ரகம் இல்ல. செயின் தேஞ்சிருக்குன்னா நீயே மிதிச்சுத் தேச்சதுதான். பரவால்ல, கொஞ்சமாச்சும் மிதிச்சிருக்க.

பேட்டரிய அமத்து. இப்ப வெறும் சைக்கிள்தான, என் காலத்துச் சாமான். மிதிச்சுப் பாரு, காதத் தீட்டி வச்சுக்கோ. பெடல் ஒரு சுத்து வரும்போது ஒரு தடவ ‘டக்கு’ன்னா பெடல்லயோ கிராங்குலயோ ஆட்டம். சக்கரம் ஒரு சுத்துக்கு ஒரு தடவன்னா ஸ்போக்கோ ரிம்மோ. ரெண்டுலயும் சேராம, பெடல் சுமார் ரெண்டரைச் சுத்துக்கு ஒரு தடவ வருதா? அப்ப செயின்ல ஒரு கண்ணி இறுகிக் கெடக்கு. முன்னாடி பல்சக்கரத்துல 44 பல், செயின்ல 112 கண்ணி. வகுத்துப் பாரேன், காலேஜு படிச்சவன்தான. அந்தக் கண்ணிய ரெண்டு பக்கமும் லேசா அசைச்சு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டா வழிக்கு வந்துரும்.

பாரத்துல மிதிக்கும்போதுதான் நழுவுதுன்னா தச்சன்கிட்ட இருக்குற அங்குல ஸ்கேல எடு. ஒரு கண்ணிக்கு அரை அங்குலம், 24 கண்ணிக்கு 12 அங்குலம் சரியா நிக்கணும். அரை நூல் கூட நின்னா செயின மாத்து. ஒரு நூல் கூடிருச்சா, செயின மட்டும் மாத்திப் பிரயோசனம் இல்ல, ஃப்ரீவீல் பல்லும் அதோட சேந்து தேஞ்சிருக்கும். பல்லப் பாரு, கருக்கரிவாள் மாதிரி ஒரு பக்கமா சாஞ்சிருக்கும். அந்தப் பல்லுல புதுச் செயினப் போட்டா முன்னைவிட மோசமா நழுவும். பெறகு கடைக்காரன் ஏமாத்திட்டான்னு என்கிட்டயே வந்து நிப்ப. இரும்பு இழுபட்டு நீளுதுன்னு நெனைக்காத. ஒவ்வொரு முளையும் மயிரளவு தேயுது, எல்லாம் சேந்து நூல் கணக்குல வந்து நிக்குது.

செயின்ல என்ன இவ்வளவு வாசன? தேங்காண்ணெயா! உங்க ஆத்தா தலைக்கு வச்சிருந்தத எடுத்துட்டு வந்துட்டியா? மார்கழியில உறையிற எண்ணெய செயினுக்கு விட்டவன் இந்தத் தெருவுல நீ ஒருத்தன்தான். மெக்கானிக்கு ஊத்தி வச்ச வேஸ்ட் ஆயிலும் வேண்டாம், நம்ம கரிசப் புழுதிய அழைச்சு உக்கார வச்சு உப்புக் காயிதமாக்கிரும். துணியால துடைச்சு, முளைக்கு ஒரு சொட்டு செயின் ஆயிலு, மிச்சத்தத் துடைச்சிரு. வெளிய பளபளன்னு தெரியணும்னு ஆசப்படாத, பொண்ணு பாக்கவா போவுது.

இப்ப பேட்டரியப் போட்டு, ஸ்டாண்டுல நிறுத்தித் திராட்டில லேசாத் திருகு. சுத்தலையா? இருக்கட்டும், அதுக்குப் பெறகு வாரேன். சுத்துச்சுன்னா ஃப்ரீவீல் ‘டிக்கு டிக்கு’ன்னு கேக்கும், செயின் நிக்க சக்கரம் ஓடுறதால வாற சத்தம், சீக்கு இல்ல. மோட்டாரு ‘உர்ரு’ன்னு ஓடியும் சக்கரம் நகரலைன்னா உள்ள இருக்குற நைலான் பல்லு போயிருக்கும், இல்ல ஒருபக்கக் கிளச்சு நழுவும். அதுக்கு ஹப்பத் தெறக்கணும். ஒரே இடத்துல நின்னு உதறுனா மூணு தடிச்ச வயருல ஒண்ணோ, அது பக்கத்துல போற சென்சார் வயரோ கழண்டிருக்கும். அச்சு நட்டு தளர்ந்தாலும் ஆபத்து. சக்கரத்தத் தள்ளுற மோட்டாரு அச்சையும் எதிர்ப்பக்கமாத் திருகும். நட்டுக்கு அடியில நாக்கு வச்ச வாஷரு இல்லைன்னா அச்சு சுத்தி வயரையே முறுக்கி அத்துரும்.

மேட்டுல மட்டும் அணையுதுன்னா பேட்டரியப் பாரு. 36 வோல்ட்டுன்னு எழுதியிருக்கே, நெறைய ஏத்துனா 42 இருக்கணும். பாரத்துல ரொம்ப எறங்குனா கட்டுப்பாட்டுப் பெட்டி தானா மூடிக்கிடும். மிதிச்சாலும் உதவிக்கு வரலன்னா கிராங்கு பக்கத்துல காந்தம் பதிச்ச தட்டப் பாரு, சேறு அப்பியிருக்கும், இல்லைன்னா வெலகியிருக்கும். 250 வாட்டுக்குள்ள, 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள இருந்தா லைசென்சு வேண்டாம்னுதான் சர்க்காரு சொல்லியிருக்கு. மிதிக்கவும் வேண்டாம்னு எங்கயும் எழுதலையே.

எல்லாம் பாத்தாச்சு, இன்னும் சுத்தலையா? கோவப்படாத. அந்தத் தூக்குவாளிய எங்க தொங்கவிட்ருக்க? பிரேக்குப் பிடி மேலயா? பிரேக்க அமுக்குனா மோட்டாருக்குக் கரண்டு போகாதபடி அதுல ஒரு சுவிட்சு வச்சிருக்காம்லே. உங்க ஆத்தா கட்டிக் குடுத்த ரசஞ்சோறு காலையில இருந்து உனக்காக பிரேக்கு புடிச்சுக்கிட்டு நிக்குது. வாளிய எடு. திருகு. ம்... ஓடுதா?

மொதல்லயே சொல்லியிருக்கலாமா? வாசல்ல வரும்போதே பாத்துட்டேன். அப்பவே சொல்லியிருந்தா திரும்பிப் பாக்காம ஓடியிருப்ப, இந்த நழுவுற செயினோட. போ, அளந்து பாத்துட்டுப் புதுசு வாங்கிட்டு வா, ஒரு நூல் கூடியிருந்தா ஃப்ரீவீலும் சேத்து. பழைய செயினத் தூரப் போட்டுறாத. தொழுவத்துப் படலுக்குச் சங்கிலி இல்லாம, ஆடு ராத்திரி பூரா அடுத்தவன் பருத்தியத் தின்னுட்டு வருது.