அதியமானுக்கு ஆடத் தெரியவில்லை

1974இல் அமெரிக்காவின் லேக் ஜெனிவா என்ற ஊரிலிருந்து ஓர் ஆட்டம் கிளம்பியது. பெயர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. உபயம்: கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் கட்ட வேண்டும். ஒருத்தர் மட்டும் கதை நடத்துநர். வாளை வீசினாலும் வாயை வீசினாலும் இருபது முகப் பகடையை உருட்டித்தான் முடிவு: இருபது விழுந்தால் அமோகம், ஒன்று விழுந்தால் அம்போ.

அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, சரக்கு மட்டும் மாறவில்லை. சாராயக்கடையில் முன்பின் தெரியாத நாலு பேர் சந்திப்பார்கள். முக்காடு போட்ட கிழவர் வேலை ஒன்று கொடுப்பார். மலையுச்சியில் சாகாமருந்து, பாதாளக் குகையில் புதையல், கடைசியில் கோட்டைக்குள் கொடுங்கோலன். பாதிச் சாமான் நாவலாசிரியர் டோல்கீன் வீட்டுப் பரணில் இறக்கியது. உரிமைக்காரர்கள் முறைத்ததும் ‘ஹாபிட்’ என்ற பெயரை ‘ஹாஃப்லிங்’ என்று மாற்றிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

இந்தச் சாமான் அத்தனையும் தர்மபுரி மாவட்டத்தில் ஏற்கெனவே கிடக்கிறது. எங்கள் ஆட்கள் விதிப்படி ஆடவில்லை, அது ஒன்றுதான் குறை.

ஆட்டத்தை ஒகேனக்கல்லில் தொடங்குவோம். சாராயக்கடைக்குப் பதில் மீன் கடை. சிவக்கச் சிவக்க மசாலா தடவி அடுக்கிவைத்திருப்பார்கள். கைகாட்டினால் அங்கேயே கல்லில் போட்டுத் தருவார்கள். கவசத்துக்குப் பதில் எண்ணெய். மசாஜ்காரர் பாறைமேல் குப்புறப் படுக்கவைத்து முதுகில் மத்தளம் வாசிப்பார். தாக்குப்பிடித்தால் உயிர்ப்புள்ளி இரண்டு ஏறும், இல்லாவிட்டால் நாலு இறங்கும். பிறகு பரிசல். பரிசல்காரர் நடு ஆற்றில் சும்மா இருக்கமாட்டார், தட்டாமாலை சுற்றிவிடுவார். எல்லோரும் பகடை உருட்ட வேண்டிய இடம் இது. தோற்றவர் தின்ற மீனைக் காவிரிக்கே திருப்பித் தரவேண்டியதுதான். டிராகன் இல்லையா என்றால், முதலை இருக்கிறது. அதற்கு இங்கே மறுவாழ்வு மையமே வைத்திருக்கிறார்கள். அரக்கனுக்கு மறுவாழ்வு கொடுக்கும் உலகம் கைகாக்ஸுக்குத் தோன்றியிருக்காது.

பென்னாகரம் வழியாகக் கிழக்கே சுமார் 45 கி.மீ. போனால் தர்மபுரி. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் தகடூர். அங்கேதான் நாயகன், அதியமான் நெடுமான் அஞ்சி. பின்னணிக் கதை பலமானது: இவன் முன்னோர்கள்தான் கரும்பையே இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் சான்றிதழ் கொடுத்திருக்கிறார். வெறும் கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது. திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் 1981இல் கண்டெடுத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அவன் ஒரு குகை உறைவிடத்தைத் தானம் கொடுத்ததைச் சொல்கிறது. டன்ஜன் என்கிற பாதாளக் குகைக்குள் புகுந்து கொள்ளையடிக்க வேண்டியவன் டன்ஜனையே தானம் கொடுத்திருக்கிறான். ஆட்டத்தின் லட்சணம் இங்கேயே தெரிந்துவிட்டது.

அடுத்தது சாகாமருந்து. மலைப்பிளவில், ஏற முடியாத இடத்தில் ஒரே ஒரு நெல்லிக்கனி. ஏறிப் பறித்தாயிற்று. புத்தியுள்ள ஆட்டக்காரன் அதை மடியில் முடிந்துவைத்து, கடைசிச் சண்டையில் உயிர் ஊசலாடும்போது வாயில் போட்டுக்கொள்வான். அதியமான் நேரே வீட்டுக்கு வந்து ஔவையிடம் நீட்டிவிட்டான். இது இன்ன கனி என்றுகூடச் சொல்லவில்லை. நடத்துநர் மூன்று முறை கேட்டிருப்பார்: “டேய், நிஜமாவா? நல்லா யோசிச்சியா?”

கடையெழு வள்ளல்கள் மொத்தமுமே இப்படித்தான் என்று வையுங்கள். பாரி தேரை முல்லைக்கொடிக்குக் கொடுத்தான், பேகன் போர்வையை மயிலுக்குக் கொடுத்தான். இந்த ஏழு பேரை ஒரே மேசையில் உட்கார வைத்தால் முதல் அரைமணியிலேயே எல்லோரும் கோவணத்தோடு நிற்பார்கள்.

ஆனால் மருந்து வேலை செய்திருக்கிறது. சங்க காலத்தில் கனி தின்ற ஔவை, பல நூறு வருடம் கழித்து ஆத்திசூடி எழுத ஆஜராகிறார். ஔவைகள் பலர் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வார்கள். ஆடத் தெரிந்தவர்களுக்கு விஷயம் புரியும்.

மேற்கத்திய ஆட்டத்தில் பாணன் வேடம் என்றால் ஒரு இளக்காரம். சண்டை நடக்கும்போது ஓரமாக நின்று நரம்பைத் தட்டிக்கொண்டிருப்பவன், குழுவின் கோமாளி. தகடூரில் கதையே வேறு. காஞ்சி மன்னன் தொண்டைமான் படையெடுக்கப் பார்க்கிறான். தூது போகிறவர் ஔவை. தொண்டைமான் பெருமையாக ஆயுதச் சாலையைத் திறந்து காட்டுகிறான். நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, வரிசை குலையாமல் வேல்கள். ஔவை பாராட்டுகிறார்: ஆகா, என்ன அழகு! எங்கள் அதியமான் வேல்கள் பாவம், எதிரியைக் குத்திக் குத்தி முனை முறிந்து, எப்போது பார்த்தாலும் கொல்லன் பட்டறையில்தான் கிடக்கின்றன. அவ்வளவுதான். பகடையில் இருபது விழுந்த சத்தம் காஞ்சி முழுக்கக் கேட்டிருக்கும்.

இதே ஔவை, பரிசில் தாமதமானபோது அதியமான் வீட்டு வாயிற்காவலனையும் ஒரு பிடி பிடித்தார். உங்கள் தலைவனுக்குத் தன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது போலிருக்கிறது. எந்தத் திசையில் போனாலும் எங்களுக்குச் சோறு கிடைக்கும் என்ற தொனியில். வேலை கொடுப்பவனையே மிரட்டும் வேடம் லேக் ஜெனிவாக்காரர்களின் விதிப்புத்தகத்தில் கிடையாது.

கடைசியில் கோட்டை வாசலில் வில்லன் வந்து நிற்க வேண்டும். வந்தவன் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை. ‘தகடூர் எறிந்த’ என்பது அவன் பட்டப்பெயர். பெயரைக் கேட்டால் கொம்பு முளைத்தவன் என்று தோன்றும். ஆளைப் பாருங்கள். மோசிகீரனார் என்ற புலவர் அலுப்பில் அவனுடைய முரசுகட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். புனிதமான கட்டில்; வாளால் வெட்டவேண்டிய குற்றம். புலவரின் பகடையில் விழுந்தது ஒன்று. அரசன் வந்தான், பார்த்தான், கவரி எடுத்து அவர் எழுந்திருக்கும்வரை விசிறினான். இப்படிப்பட்ட வில்லனை வைத்துக்கொண்டு நடத்துநர் என்னதான் செய்வார்?

தகடூர் விழுந்தது. அந்தப் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழுதாகக் கிடைக்கவில்லை, துண்டு துணுக்குகள்தான் மிச்சம். போரில் விழுந்தவன் அதியமான் எழினி என்கிறார் புலவர் அரிசில்கிழார். அவன் அஞ்சியேதானா, வேறொருவனா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவனைக் கொண்டுபோன எமனை, விதைநெல்லைத் தின்ற குடியானவன் என்று திட்டித் தீர்த்தார் அரிசில்கிழார்.

ஆட்டத்தில் செத்தவனை எழுப்ப மந்திரம் உண்டு. இங்கே நடுகல் உண்டு. தர்மபுரி, செங்கம் வட்டாரம் முழுக்க மாடு கவரும் சண்டையில் செத்தவர்கள் கல்லாக நிற்கிறார்கள். மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லில், கள்ளர் இருவரைக் கடித்த கோவிவன் என்ற நாய்க்கும் பெயரோடு இடம் கிடைத்திருக்கிறது.

ஆட்டத்தில் ஜெயித்தது யார்? எழினிக்கு அழுத அதே அரிசில்கிழார்தான், அவன் ஊரை எறிந்த இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர். பாட்டைக் கேட்ட அரசன், அரசியோடு அரண்மனைக்கு வெளியே வந்து நின்று, உள்ளே இருப்பதெல்லாம் உமக்கே என்றான். கூடவே ஒன்பது லட்சம் காணம் காசு, அரசுகட்டில். புலவர் கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நீயே ஆண்டுகொள் என்று சொல்லி அமைச்சர் பதவியை வாங்கிக்கொண்டார். சிம்மாசனத்தையே நீட்டினாலும் அரசு உத்தியோகம்தான் வேண்டுமென்ற முதல் தமிழர் அவராகத்தான் இருக்கும்.

இந்த ஆட்டத்தை ஒருமுறை நடத்திவிட்டால், அடுத்த வாரம் ஐந்து பேரில் நாலு பேர் புலவர் வேடம்தான் கேட்பார்கள். ஐந்தாவது ஆள் கோவிவனைக் கேட்பான்.