பையில் இடமில்லை!

*அண்ணா, எல்டன் ரிங் வீடியோ கேமில் இருக்கிறதிலேயே கனமான கவசத்தைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன். ஆனாலும் பாஸ் கையை ஓங்கினால் நான் உருண்டு விலகுவதற்குள் அடி விழுந்துவிடுகிறது. கவசம் சரியில்லையா?*
– கல்லூரி மாணவர், கூகட்பள்ளி

கவசம் சரிதான் தம்பி, எடைதான் சரியில்லை. தாங்கும் எடையில் 70 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் உங்கள் வீரன் அரிசி மூட்டை மாதிரி உருளுவான். அதற்குக் கீழே இருந்தால் ஒழுங்காக உருளுவான். 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கினால் காற்றுதான். நூறைத் தாண்டினால் உருளவே மாட்டான். கவசத்தைக் கழற்றும் முன் ஆயுதக் கட்டங்களைப் பாருங்கள். கையில் பிடிக்காத வாளாக இருந்தாலும் அங்கே மாட்டி வைத்திருந்தால் எடையில் சேரும். பையில் கிடப்பது சேராது. மாட்டி வைத்துவிட்டு மறந்த ஒரு கேடயம் உங்கள் உயிரை வாங்கிக்கொண்டிருக்கலாம்.

*முதலில் லூட்டா, பில்டா?*
– அமீர்பேட்டை

பில்ட், அதாவது வீரனை எப்படி வளர்ப்பது என்ற திட்டம். லூட், அதாவது வழியில் கிடைக்கிற பொருள், பிறகுதான். வில்லாளி என்று முடிவு செய்துவிட்டால் வழியில் கிடக்கிற கோடரிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டீர்கள். பாதிப் பை அங்கேயே மிச்சம்.

*ஸ்கைரிம் ஆட்டத்தில் டிராகனைக் கொன்ற பிறகு எலும்பை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. தூக்கிக்கொண்டால் ஓட முடியவில்லை. என்னதான் செய்வது?*
– மென்பொருள் ஊழியர், கச்சிபவுலி

விலையை எடையால் வகுத்துப் பாருங்கள், மனசு தானாக வரும். டிராகன் எலும்பு ஒன்றின் அடிப்படை விலை 500, எடை 15. எடையில் ஒன்றுக்கு 33 காசு. சாதாரணத் தங்க மோதிரத்தின் விலை 75தான், ஆனால் எடை 0.25. அதே கணக்கில் 300 காசு! எலும்பைவிட மோதிரம் ஒன்பது மடங்கு லாபம். ஆட்டம் தொடங்கும்போது நீங்கள் தூக்கக்கூடியது 300. இருபது எலும்போடு அது முடிந்துபோகும்.

சார்மினார் பக்கம் போகும்போது பத்தர்கட்டி முத்துக் கடைகளைப் பாருங்கள். கடையின் முழுச் சரக்கையும் ஒரு பெட்டியில் அடைத்து ஒரு கையில் தூக்கிவிடலாம். பேகம்பஜார் மொத்த வியாபாரிக்கோ லாரி வேண்டும். இரண்டும் நல்ல வியாபாரம்தான். ஆனால் டிராகன் நாட்டில் உங்களிடம் லாரி இல்லை. நடந்து போகிறவர் முத்து வியாபாரியாக இருப்பதே புத்தி.

ஒரே ஒரு விதிவிலக்கு. கொல்லர் வேலையில் 100 வரை ஏறி, டிராகன் கவசம் அடிக்கிற எண்ணம் இருந்தால் எலும்பை விற்காதீர்கள். வீட்டுப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

*கடைசி பாஸுக்கு ஆகும் என்று நல்ல மருந்தையெல்லாம் சேர்த்துக்கொண்டே வந்தேன். ஆட்டமே முடிந்துவிட்டது. 40 புட்டி அப்படியே இருக்கிறது. ஏன் சார் இப்படி?*
– செகந்திராபாத்

உங்கள் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. ஹைதராபாத்தின் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் வாங்கிய ஜேக்கப் வைரம் 184.75 காரட். அவர் காலத்துக்குப் பிறகு மகன் உஸ்மான் அலி கான் அதைக் கண்டெடுத்தது அப்பாவின் பழைய செருப்புக்குள்! அவராவது அதைக் காகிதம் பறக்காமலிருக்க மேஜைமேல் வைத்தார். 1995-ல் இந்திய அரசு நிஜாம் நகைகளை 218 கோடி ரூபாய்க்கு வாங்கியபோது இந்த வைரமும் அதில் வந்தது.

உங்கள் 40 புட்டியும் செருப்புக்குள் கிடந்த வைரம்தான். இது பலருக்கும் உள்ள பழக்கம். இதைவிடப் பெரிய ஆபத்து பின்னால் வரும் என்ற பயம். இனிமேல் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சண்டையில் இரண்டு தடவை தோற்றால் மூன்றாவது தடவை புட்டியைத் திறந்துவிடுங்கள். அப்படித் திறப்பதற்காகத்தான் ஆட்டத்தை உருவாக்கியவர் அதை அங்கே வைத்தார்.

*மருந்து எத்தனை இருந்தால் ஒரு கோட்டைக்குள் தைரியமாகப் போகலாம்?*
– மெஹதிப்பட்டினம்

கோல்கொண்டா கோட்டையில் அம்பர்கானா என்ற தானியக் கிடங்கே இருந்தது. 1687-ல் ஔரங்கசீப்பின் படையை அந்தக் கோட்டை எட்டு மாதம் தாங்கியது. விழுந்தது சரக்கு தீர்ந்து அல்ல, உள்ளே இருந்தவரே இரவில் கதவைத் திறந்துவிட்டதால். அதனால் பத்துப் புட்டி போதும். முதுகை மட்டும் காட்டாதீர்கள்.

*பையைப் பெரிதாகக் கொடுத்துத் தொலைத்தால் என்ன? வேண்டுமென்றே நம்மை வதைக்கிறார்களா?*
– உப்பல்

வதைக்கவில்லை, யோசிக்க வைக்கிறார்கள். 1996-ல் வந்த டயாப்ளோ ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பை பத்துக்கு நான்கு, 40 கட்டம். மார்புக் கவசம் ஒன்றுக்கு ஆறு கட்டம். கணக்குப்படி ஆறு கவசம் கொள்ள வேண்டும், ஆனால் ஐந்துதான் நுழையும். அகலம் இரண்டு, உயரம் மூன்று, திருப்பிப் போடவும் முடியாது. ஆறாவதாகக் கிடைத்தது நன்றாக இருந்தால் ஐந்தில் எதை எறிவது? கையில் மௌஸோடு நீங்கள் திகைத்து நிற்கிற அந்த அரை நிமிடம், அரக்கனோடு போடும் சண்டைக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அடுத்த பாகத்தில் ஒரு மாயக் கனசதுரம் தந்தார்கள். பையில் நான்கு கட்டத்தை எடுத்துக்கொண்டு தனக்குள் பன்னிரண்டு கட்டம் தரும். ஒரே வகை ரத்தினம் மூன்றைப் போட்டால் உயர்ந்த ரத்தினம் ஒன்றாக்கியும் தரும். இடமும் மிச்சம், பலமும் கூடும். எனக்குத் தெரிந்து இவ்வளவு அழகாக யோசித்த பொருள் வேறெந்த ஆட்டத்திலும் இல்லை.

*நம் ஹைதராபாத்தில் இப்படி ஏதாவது உருவாகியிருக்கிறதா?*
– தார்நாகா

இருக்கிறதே! இங்கே உள்ள ஓகர் ஹெட் ஸ்டுடியோ என்ற சிறிய குழு உருவாக்கிய ‘அசுரா’ 2017-ல் வெளிவந்தது. மேலிருந்து பார்த்து வெட்டிச் சாய்க்கிற ஆட்டம். நம் புராண உலகம், பழி தீர்க்க வரும் அசுரன்தான் நாயகன். வீரனின் திறன்களைத் தேர்ந்தெடுக்கும் ‘திறன் மரம்’ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாக முளைக்கும் என்பதால் போன தடவை போட்ட திட்டம் இந்தத் தடவைக்கு ஆகாது. வெளிநாட்டு ஆட்டத்துக்குக் கொடுக்கிற காசில் கொஞ்சம் இதற்கும் கொடுங்கள். ஓசியில் தேடாதீர்கள்.

*என் பையன் ஒரு மணி நேரமாகச் சண்டையே போடவில்லை. கத்தி, தொப்பி என்று பெட்டியை அடுக்கிக்கொண்டே இருக்கிறான். இதில் பயப்பட ஏதாவது இருக்கிறதா?*
– குடும்பத் தலைவி, மல்காஜ்கிரி

இல்லவே இல்லை அம்மா. எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்கத் தெரிந்த பிள்ளை. வரும் தீபாவளிக்குப் பரணை அவனிடம் ஒப்படையுங்கள்.

*பெட்டியில் அளவே இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதையுமே விற்க வேண்டாமே?*
– அபிட்ஸ்

முதலில் பழைய நகரத்துப் புரானி ஹவேலிக்கு ஒரு நடை போய் வாருங்கள். அதே ஆறாம் நிஜாமின் துணி அலமாரி அங்கே இருக்கிறது. 176 அடி நீளம், இரண்டு அடுக்கு, மேலே ஏற கையால் இயக்குகிற மர லிஃப்ட். ஒருமுறை உடுத்தியதை அவர் மறுமுறை தொடமாட்டார் என்று சொல்வார்கள். ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பாருங்கள், பிறகு வீட்டுக்கு வந்து உங்கள் பெட்டியைத் திறங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று மியூசியத்துக்கு விடுமுறை.