கணக்குக் காட்டாதவரும் அவருடைய சித்தி மகனும்

வேறு ஊர்களில் நாலு பேர் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டால், டீ குடித்துவிட்டு நிம்மதியாகக் கலையலாம். உத்திரமேரூரில் அது நடக்காது. கமிட்டிக்கு யார் வரலாம், யார் வரவே கூடாது என்பதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். தாளில் எழுதியிருந்தால் கரையானாவது தின்றிருக்கும். கருங்கல். போதாக்குறைக்கு மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பு வேறு.

குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919இல் ஒரு கல்வெட்டு, 14ஆம் ஆட்சியாண்டான 921இல் இன்னொன்று. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார். அதுவரை கோயில் நிழலில் வண்டி நிறுத்துவதோடு சரி என்றிருந்தவர்கள்கூட உள்ளே போய், கல்வெட்டுக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெருமிதம் ஆறுவதற்குள் ‘ஊர் வரலாற்று மலர்க் குழு’ பிறந்தது.

தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊரில் பாதிப் பேரை முட்டி போட வைத்தவர் என்பதால் போட்டியில்லை. பழைய படங்களுக்காக ஸ்டுடியோக்காரர். பொருளாளராகப் பாத்திரக்கடைக்காரர், ஏற்கெனவே திருவிழாக் கமிட்டியில் பொருளாளராக இருந்த அனுபவம் உண்டு. எனக்குத் தமிழ் டைப்பிங் தெரியும் என்ற வதந்தி இருந்ததால் செயலாளர் ஆக்கினார்கள்.

முதல் கூட்டம் ஸ்டுடியோ மாடியில். வடை வருவதற்குள் தலைமையாசிரியர் எழுந்தார். “நம்ம ஊர் மலருக்கான குழு. நம்ம ஊர் விதிப்படியே உறுப்பினர்களைச் சரிபாத்துடுவோம்” என்று கல்வெட்டு வாசகத்தைப் பையிலிருந்து எடுத்தார். எல்லாரும் கைதட்டினோம். அதுதான் குழுவில் எல்லாரும் சேர்ந்து கைதட்டிய கடைசிச் சந்தர்ப்பம்.

முதல் தகுதி, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். கால் வேலி என்றால் சுமார் ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. எங்களில் நிலம் இருந்தவர்கள் எல்லாம் எப்போதோ பிளாட் போட்டு விற்று முடித்தவர்கள். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஸ்டுடியோக்காரர் வாடகை வீட்டுக்காரர். ஆனாலும் அவர் தளரவில்லை. “வீட்டுக்காரம்மா பேர்ல ஒரு மனை இருக்குது சார்” என்றார். சுவரில் வீட்டுக்காரம்மாவுக்கு இடமே இல்லை என்று தலைமையாசிரியர் வருத்தத்துடன் தெரிவித்தார்.

அடுத்தது வயது. 35க்கு மேல், 70க்குள். தலைமையாசிரியர் இந்த இடத்தில் லேசாக இருமினார். அவருக்கு எழுபது முடிந்து சில ஆடிக் கிருத்திகைகள் ஆகிவிட்டன. நான்தான் சமாதானம் சொன்னேன். 919 கல்வெட்டில் 30 முதல் 60 வரை என்றுதான் இருந்தது. இரண்டே வருஷத்தில் அதை 35, 70 என்று மாற்றியிருக்கிறார்கள். கெட்டவர்கள் ஒழிந்து நல்லவர்கள் தழைக்கத்தான் இந்தத் திருத்தம் என்று 921 கல்வெட்டு காரணமும் சொல்கிறது. என் சந்தேகம் வேறு: 920 வாக்கில் சபையில் செல்வாக்குள்ள யாருக்கோ அறுபது முடிந்திருக்கிறது. தலைமையாசிரியருக்கு இந்த ஆராய்ச்சி ரொம்பப் பிடித்துவிட்டது. “அப்போ 923இல் இன்னொரு திருத்தம் வந்து எழுபத்தஞ்சு ஆக்கியிருக்கலாம் இல்லையா? சுண்ணாம்புக்கு அடியில எங்கேயாவது இருக்கும்” என்றார். வரலாற்று ஆர்வம் இப்படித்தான் பிறக்கிறது.

வேதம் கற்று, அதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதியைத் தாண்டும்போது வடை வந்துவிட்டதால் அங்கே யாரும் அடிபடவில்லை. ஆனால் இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் பல்லவன் நந்திவர்மன் காலத்தில் உருவான சதுர்வேதிமங்கலம். நிலமும் வேதமும் உள்ள ஆண்களின் சபை அது. உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் அங்கே ஓலையில் பெயர் இல்லை. ஊர் எல்லையில் ‘மக்களாட்சியின் பிறப்பிடம்’ என்று பேனர் கட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். “நல்ல நாள் அதுவுமா எதுக்குண்ணே?” என்றார்கள். மலரில் இதற்கு ஒரு பக்கம் கேட்டேன். அந்தப் பக்கத்தைப் பாத்திரக்கடை விளம்பரத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

பூகம்பம் இன்னொரு விதியில் காத்திருந்தது. ஏதாவதொரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரைச் சேர்க்கக் கூடாது. மாடியில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எல்லாரும் பாத்திரக்கடைக்காரரைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டோம். திருவிழாக் கணக்கு எத்தனை திருவிழாவாகப் பாக்கி என்பது ஊருக்கே தெரியும்.

அதோடு முடியவில்லை. சோழர் காலத்து ஆட்கள் எங்கள் ஊர்க்காரர்களை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவரை நீக்கினால் சித்தி மகனை நிறுத்துவார் என்று தெரிந்து சித்தி மகனையும், பெரியம்மா மகனையும், அத்தை மகன், மாமன் மகன், தாய்மாமன், அப்பன், பிள்ளை, மாமனார், மருமகன், தங்கை புருஷன், அக்காள் மகன் என்று வரிசையாக எல்லாரையும் நீக்கியிருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ பகுதியில்தான் இவ்வளவு உறவை ஒரே இடத்தில் பார்த்திருக்கிறேன்.

ஸ்டுடியோக்காரர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். “நான் அவருக்கு மச்சான்தான். ஆனா ஒண்ணுவிட்ட மச்சான் சார்.”

“சுவத்துல ஒண்ணுவிட்டதெல்லாம் சேத்துத்தான்பா போட்டிருக்கான்” என்றார் தலைமையாசிரியர். பிறகுதான் அவருக்கும் நினைவுக்கு வந்தது, பாத்திரக்கடைக்காரர் தன் மருமகனுக்குப் பெரியப்பா முறை என்று. உத்திரமேரூரில் மூன்று தெரு தள்ளிப் போவதற்குள் யாரும் யாருக்காவது மாமன் ஆகிவிடுவார்கள். விதிப்படி பார்த்தால் அந்த மாடியில் மிஞ்சியது வடை கொண்டுவந்த பையன் மட்டும்தான், அவன் செய்யாற்றுக்காரன்.

‘மரபைப் போற்றி, விதிகளை ஒத்திவைப்பது’ என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம்.

அடுத்து, செய்தி சேகரிப்பு. வீடு வீடாகப் போனபோதுதான் தெரிந்தது, எங்கள் ஊர் வரலாறு 919இல் தொடங்கி 921இல் முடிந்துவிடுகிறது என்று. அதற்கப்புறம் போர்வெல் போட்டது வரை யாருக்கும் ஒன்றும் நினைவில்லை. யாரைக் கேட்டாலும் பராந்தகன், குடம், ஓலை. வாட்ஸ்அப்பில் வேறு கல்வெட்டுக்கு மாதந்தோறும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது. போன பொங்கலுக்கு ஐயாயிரம் ஆண்டைத் தொட்டுவிட்டது. முதலில் வந்த பஸ் எது, டூரிங் டாக்கீஸ் எங்கே இருந்தது, ரேஷனில் அரிசி கிடைக்காத காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், “அதெல்லாம் ஒரு வரலாறா?” என்று காபியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

பதில் சொன்னது ஒரே ஒரு ஆயாதான். டாக்கீஸ் கொட்டகை இருந்த திடல், தரை டிக்கெட்டு விலை, மழை வந்தால் பாதிப் படத்துக்குப் பாஸ் எழுதிக் கொடுத்த மேனேஜர் எல்லாம் கையில் பிடித்தாற்போல் சொன்னார். வருஷம் கேட்டேன். “பெரிய பையனுக்கு மொட்டை போட்டமே, அந்த வருசம்.” பெரிய பையன் சென்னையில் இருக்கிறார். போனில் பிடித்துக் கேட்டதில், தனக்கு மொட்டை மூன்று தடவை போட்டதாகச் சொன்னார்.

ஆவணம் தேடிய கதை இன்னும் மோசம். பழைய சங்கம் ஒன்றின் மினிட்ஸ் நோட்டைத் தேடிப் போனால், “போன தீபாவளிக்கு வெள்ளையடிக்கிறப்ப எடைக்குப் போட்டுட்டோமே, நேத்தே வந்திருக்கக் கூடாதா” என்கிறார்கள். இந்த ‘நேத்து’க்கு அர்த்தம் ஏழெட்டு வருஷம். ஆனால் கல்வெட்டில் உள்ள ஏரி வாரியத்துக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள், ஆறு என்று சொல்லிவிடலாம். தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு, சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு. ஆக முப்பது குடும்புக்கும், இன்றைய கணக்கில் வார்டுக்கும், முப்பது பேர். அவர்களுக்குப் பதவி 360 நாள். எல்லாம் துல்லியம். பக்கத்துத் தெரு வாசகசாலையை யார் தொடங்கினார்கள், எப்போது மூடினார்கள் என்பதற்கு மட்டும் எங்கேயும் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

படம் கேட்டு அறிவிப்பு ஒட்டினோம். ஒரு பெரிய தலைவர் வந்துபோனபோது எடுத்த படம் வந்தது. தலைவருக்குப் பின்னால் யாரோ ஒருவரின் முழங்கை மட்டும் தெரிந்தது. அது தன் அப்பாவுடையது என்று ஒரு வீட்டார் சொல்ல, இல்லை எங்கள் தாத்தாவுடையது என்று இன்னொரு வீட்டார் பட்டா இல்லாத குறையாக வந்து நின்றார்கள். படத்துக்குக் கீழே ‘ஊர்ப் பெரியவர்கள்’ என்று பன்மையில் போட்டுச் சமாளித்தோம். ஒரு முழங்கைக்குப் பன்மை.

எங்கள் ஊரைப் பற்றி ஆழமாக எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. கல்வெட்டறிஞர் வெங்கையா இந்தக் கல்வெட்டுகளைத் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் ஆங்கிலத்தில் விளக்கினார். நீலகண்ட சாஸ்திரியும் ஆங்கிலத்தில் எழுதினார். 1970இல் பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் சேர்ந்து உத்திரமேரூருக்கென்றே ஒரு முழு நூல் எழுதி, அது புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சில் வெளிவந்தது. தலைமையாசிரியர் அதன் ஜெராக்ஸைப் பத்திரமாக வைத்திருக்கிறார். பிரெஞ்சு தெரிந்தவர் ஊரில் இல்லை. கூட்டத்தில் சந்தேகம் வந்தால் அதைப் பிரித்து, சுந்தரவரதப் பெருமாள் கோயில் படத்தைப் பார்த்து, “இவங்களும் அப்படித்தான் சொல்றாங்க” என்பார். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு வேறு பிரச்சினை. தஞ்சாவூரைப் பார்த்த கண்ணோடு வந்து இறங்குகிறார்கள். அடக்கமான கோயில், சுவர் நிறைய எழுத்து. சுற்றிச் சுற்றி வந்துவிட்டுக் கடைசியில் கேட்பார்கள்: “சார், அந்தக் குடம் எங்கே வெச்சிருக்கு?” இல்லை என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. பாத்திரக்கடைக்காரர் இதைக் கேள்விப்பட்டதிலிருந்து, பழைய பித்தளைக் குடம் ஒன்றைத் தேய்க்காமல் வைத்திருக்கிறார். என்ன திட்டம் என்று நான் கேட்கவில்லை.

மலர் அச்சுக்குப் போகும் நேரத்தில், முன்னுரை யார் எழுதுவது என்ற தகராறு வந்தது. தலைமையாசிரியரே தீர்ப்புச் சொன்னார்: குடவோலை. பித்தளைக் குடத்தைக் கொடுக்கப் பொருளாளர் மறுத்துவிட்டதால், புதிதாக ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கப்பட்டது. சின்னவர் பெரியவர் எல்லாரும் கூடியிருக்கும்போது, ஒன்றும் அறியாத பாலகன் ஒருவன் சீட்டை எடுக்க வேண்டும் என்பது விதி. பத்தாம் நூற்றாண்டில் இது சுலபம். இன்றைக்கு ஒன்றும் அறியாத பாலகனுக்கு எங்கே போவது? முதலில் கூப்பிட்ட பையன், எடுத்தால் என்ன தருவீர்கள் என்று கேட்டான். இரண்டாமவன் யூடியூப்பில் போடலாமா என்றான். கடைசியில் ஸ்டுடியோக்காரரின் மூன்றாம் வகுப்புப் பேரன் கிடைத்தான்.

அவன் கொடுக்கும் சீட்டை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். எதையும் ஒளித்துவைக்கவில்லை என்று ஊருக்குத் தெரியத்தான். தலைமையாசிரியர் அப்படியே விரித்து வாங்கினார். சீட்டு மின்விசிறிக் காற்றில் பறந்து படிக்கட்டில் இறங்கியது. பராந்தகன் காலத்தில் மின்விசிறி இல்லை. வடைப் பையன் பொறுக்கிக்கொண்டு வந்தான். தலைமையாசிரியர் சத்தமாகப் படித்தார். ஸ்டுடியோக்காரரின் பெயர்.

பேரன் தாத்தாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தான். “தாத்தா, மூலை மடிச்சதுதானே எடுக்கச் சொன்னே?”

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “இதெல்லாம் மினிட்ஸ்ல எழுத வேணாம்.”

“குடம் நூத்தி எழுபது ரூபா. அதை மட்டும் எழுதிக்குங்க” என்றார் பொருளாளர். “பில்லு நாளைக்குத் தரேன்.”