ஆறுதலான அரசு

சிலாவத்துறைக் கரையில் நின்று சொல்கிறேன்: விஞ்ஞானத்துக்கு இந்த நாட்டில் கிடைக்கும் மரியாதை வேறெங்கும் கிடையாது. நம்பாதவர்கள் எங்கள் முத்துச்சிப்பியைக் கேட்கட்டும். 1902இல் ஹேர்ட்மன் என்ற பேராசிரியரை லிவர்பூலிலிருந்து வரவழைத்து, சிப்பியைப் பிளந்து, அதன் வயிற்றிலிருந்த புழுவின் குலம்கோத்திரம்வரை விசாரித்து, ஐந்து பாகங்களில் அறிக்கை போட்டார்கள். அறிக்கை முடிந்த சூட்டோடு முத்துக்குளிப்பும் முடிந்துபோனது வேறு கதை. வெள்ளைக்காரன் போனாலும் அந்தச் சிரத்தை போகவில்லை.

2018இல் மன்னார் நகரில், சதொச கட்டட வளவில் எலும்பு வந்தது. நீதிமன்ற உத்தரவோடு தூரிகையால் மண் தட்டி 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை எடுத்தார்கள், குழந்தைகளும் இருந்தார்கள். ஆறு மாதிரிகள் புளோரிடாவுக்குப் பறந்தன. 2019 மார்ச்சில் காபன் பரிசோதனையின் விடை வந்தது: 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை. எவ்வளவு நிம்மதி! போர்த்துக்கேயரைக் கூண்டில் ஏற்ற இனி யாரால் முடியும்? ஆறு பேர் சாட்சி சொன்னால் மற்ற முந்நூறு பேரும் தலையாட்டியதாகக் கணக்கு. 2013இல் திருக்கேதீச்சரத்தில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய கிடங்கில் எலும்பு வந்தபோது, அது பழைய சுடலை என்று கண்டுபிடித்த கெட்டிக்காரரும் எங்களிடம் உண்டு.

காபன் எலும்பின் வயதைச் சொல்லும். யார் பெற்ற பிள்ளை என்று சொல்ல மரபணு வேண்டும். பல்லும் தொடையெலும்பும் அதை நெடுங்காலம் பத்திரமாக வைத்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கத் தாயின் ஒரு சொட்டு இரத்தம் போதும். ஆர்ஜென்டினாவில் பொறுமையில்லாத கிழவிகள் 1987இலேயே மரபணு வங்கிக்குச் சட்டம் போடவைத்து, காணாமற்போன நூற்றுக்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பொஸ்னியாக்காரரும் அப்படித்தான், அவசரக் குடுக்கைகள். எங்கள் அரசு எதையும் ஆறுதலாகச் செய்யும். 2016இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குச் சட்டம், 2018இல் அலுவலகம், 2022இல் குடும்பத்துக்கு 2 இலட்சம் ரூபா என்று அமைச்சரவை முடிவு. ஊசி மட்டும் இன்னும் பக்கத்து வளவுக்கு வந்து சேரவில்லை.

பக்கத்து வளவு அம்மாவின் மகன் 2008இல், இடம்பெயர்ந்த வழியில் காணாமல் போனான். "என்ர ரத்தம் காணுமாம் தம்பி, ரேடியோவில சொன்னவங்கள்" என்று ஒருநாள் ஒரு கந்தோருக்குப் போய்க் கேட்டார். "அது தனிப்பட்ட தகவல் அம்மா, அப்பிடிச் சும்மா எடுக்கேலாது, ஒழுக்கநெறி இருக்கு" என்று அங்கே பொறுப்பாக விளக்கியிருக்கிறார்கள். அந்தரங்கத்தின்மீது என்ன கரிசனை! சிவில் உடுப்பில் வந்தவர்கள் மகன் எந்த இயக்கம், எந்த வகுப்பு வரை படித்தான், வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள், ஊர்வலத்துக்கு எந்த பஸ்ஸில் போனீர்கள் என்றெல்லாம் நாலு தரம் எழுதிக்கொண்டு போனது தனிப்பட்ட தகவலில் சேராது. இரத்தம்தான் சேரும். சேகரித்தால் யார் கையில் இருக்கும் என்று அம்மாவுக்கும் பயமுண்டு. அந்தப் பயத்தைத் தீர்ப்பதைவிட ஊசியைத் தவிர்ப்பது சுகம் அல்லவா.

எங்கள் சனத்தையும் விட்டுவிட முடியாது. கனடாவிலிருக்கும் மச்சான் குழாய்க்குள் எச்சிலைத் துப்பி அனுப்பி, தன் பூர்வீகத்தை வீதக் கணக்கில் எடுத்து வைத்திருக்கிறார். ஐயாயிரம் வருசத்துக்கு முந்திய பாட்டன் எந்த வழியால் வந்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. 2008இல் காணாமல் போன மருமகனைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் அரசியல்" என்பார். ஆழமான வரலாற்று உணர்ச்சி.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். மாதம் ஒருக்கால் கிளினிக்கில் விரலில் குத்துகிறார்கள். "இதில ஒரு சொட்டை மற்றதுக்கும் எடுத்து வச்சா என்ன?" என்று தாதியிடம் கேட்டாராம், அந்தப் பிள்ளை சிரித்ததாம். போன கிழமை சீனி 240. கொப்பியில் எழுதிவிட்டு, பஞ்சைத் தொட்டிக்குள் போட்டார்கள்.