ஜீப்பில் அச்சம் உறையும் இடம்: ஓர் ஆராய்ச்சி

நூல் தொடங்குமுன் அதன் எல்லையையும் நுதலிய பொருளையும் கேட்போரையும் பயனையும் பாயிரத்திலேயே சொல்லிவிட வேண்டுமென்பது நன்னூலார் வகுத்த முறையாதலின், மலைப்பாதையில் குழந்தைகளை ஜீப்பேற்றி அழைத்துச் செல்லுதல் என்னும் இச் சாஸ்திரத்துக்கு வடவெல்லை வேங்கிக்கால் என்றும், தென்னெல்லை கொழுக்குமலை என்றும், கேட்போர் பள்ளி விடுமுறையை நினைத்துக் கலங்கும் பெற்றோர் என்றும், பயன் அப் பெற்றோரின் இடுப்புவலிக்கு ஒரு தத்துவ நியாயம் கிடைப்பது என்றும் முதற்கண் அறிவித்துக்கொள்கிறோம்.

மலையடிவாரத்துக் குழந்தைக்கு வேறொரு மலை எதற்கு என்று வினவுவோர், அக் குழந்தைக்கும் மலைக்கும் உள்ள சம்பந்தத்தை அறியாதவர்கள். அண்ணாமலை என்பது அதற்குச் சுற்றி வரவேண்டிய பொருள், நடக்கத் தெரியாத பருவத்தில் தகப்பனார் தோளில் இருந்துகொண்டும், தெரிந்த பின்னர் “இன்னும் எவ்ளோ தூரம்ப்பா?” என்று லிங்கத்துக்கு லிங்கம் கேட்டுக்கொண்டும், 14 கிலோமீட்டர் கிரிவலத்தில் அது மலையின் முகங்களையெல்லாம் கண்டிருக்குமேயன்றி, மலையின் முதுகில் வண்டி ஏறுமென்பதைக் கண்டிராது. ஆகவே உலகமே திருவண்ணாமலையை நோக்கித் திரளும் பௌர்ணமியொன்றில், ஆட்சியர் அலுவலகத்தைச் சூழ்ந்து வளர்ந்த வேங்கிக்கால் குடியிருப்புகளிலிருந்து இரண்டொரு குடும்பங்கள் எதிர்த்திசையில் புறப்பட்டு, தேனியும் போடியும் கடந்து, போடிமெட்டு ஏறி, சூரியநெல்லியை அடைவது அறிவுத்தாகத்தின் விளைவே. கூட்டத்துக்கு அஞ்சிய ஓட்டமென்று அதனைக் கூறுவது அவதூறு.

கொழுக்குமலை ஏறத்தாழ 7,900 அடி உயரமுடையது. நம் அண்ணாமலையை மூன்றடுக்காக அடுக்கினால் எட்டத்தக்கது. தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், அதற்கு வண்டி ஏறுவது கேரளத்து இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். அங்கிருந்து பாதை என்று மரியாதைக்காக வழங்கப்படும் கற்குவியலில் சுமார் 12 கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகுமாதலின், சூரியோதயம் காண விரும்புவோரை விடியுமுன் 4 மணியளவிலேயே எழுப்பிவிடுகிறார்கள். சொந்தக் காரின் கௌரவம் இங்கே செல்லாது. 1947-இல் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கிய மகிந்திராவின் வழித்தோன்றல்களே இக் கற்களின்மேல் ஏற வல்லவை. ஓட்டுநர் பக்கத்திலுள்ள சிறு கம்பியை இழுத்து “ஃபோர் வீல்” போட்டதும், எஞ்சினின் வலு இரண்டு அச்சுகளுக்கும் பங்கிடப்பட்டு, முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் வீணே சுழன்றாலும் பின்னச்சு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

இனி நுதலிய பொருள். ஜீப்பினுள் இருக்கும் அச்சத்தின் மொத்த அளவு மாறாதது. அது ஒருவரை விட்டு நீங்கினால் இன்னொருவரைச் சென்று சேருமேயன்றி அழியாது என்பது நமது சித்தாந்தம். சைவ சித்தாந்திகள் கொண்ட காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளாலும் இதனை நிறுவலாம்.

காட்சியளவைக்குப் பிடிமானத்தை நோக்குக. பின்பக்கத்து எதிரெதிர்ப் பலகைகளில் அமர்ந்தோருள், தாயார் ஒரு கையால் கித்தான் கூரையைத் தாங்கும் கம்பியையும் மறு கையால் பிள்ளையின் சட்டைக் காலரையும் விரல்முட்டி வெளுக்கப் பற்றியிருக்கிறார். தகப்பனார் இரு கைகளாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு “பயப்படாதடா” என்கிறார். பிள்ளையோ எதையும் பற்றாமல், கைக்கொன்றாக முறுக்கு வைத்திருக்கிறான். கருதலளவையாவது: அஞ்சிய உடல் விறைக்கும், பெரியவர்கள் குழியைக் கண்டதும் விறைப்பதால் ஒவ்வொரு குலுக்கலும் நேரே இடுப்பெலும்புக்குப் போகிறது, பிள்ளை தளர்ந்த உடம்போடு ஒரு சாண் எழும்பி விழுந்து “இன்னொரு தபா!” என்கிறான், ஆகவே அவனிடம் அச்சமில்லை. உரையளவைக்கு ஆப்தர் ஓட்டுநரே. “அண்ணா, வண்டி கவுந்துக்குமா?” என்று எட்டு வயதுச் சிறுவனொருவன் ஆவலோடு கேட்க, “கவுந்தா நானுந்தான தம்பி உருளணும்” என்று அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பியவாறே விடையிறுத்தார். பிள்ளைக்கு ஏமாற்றம், அந்த மார்கழிக் குளிரிலும் தகப்பனாருக்கு வியர்வை.

தொல்காப்பியரும் நம் பக்கமே. மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நிலைக்களமாக அவர் கூறியவை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கே. செங்குத்தான பாதையை அவர் சேர்க்கவில்லை. அணங்கோ, அந்நேரத்தில் அவ்வளவு ஜீப்புகளின் விளக்கொளியில் நடமாடத் துணியாது. விலங்கென்றால், அவ்வட்டாரத்தில் அரிசிக்காகக் கடைகளை உடைத்துப் பெயர் பெற்ற அரிக்கொம்பன் யானையை 2023 ஏப்ரலிலேயே பிடித்துச் சென்றுவிட்டார்கள்; அதைப் பார்க்க முடியாமற் போயிற்றே என்பது பிள்ளைகளின் துயரம். நடந்தே முந்திவிடக்கூடிய வேகத்தில் செல்லும் வண்டியைக் கள்வர் பொருட்படுத்தார். எஞ்சுவது இறை. ஊரில் ஷேர் ஆட்டோக்காரரிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாடும் தகப்பனார், இங்கே ஓட்டுநரை மூச்சுக்கு மூச்சு “சார்” என்று விளிப்பதால், அந்த ஒரு மணி நேரத்துக்கு இறை யாரென்பது விளங்கும்.

பிள்ளைகள் வாந்தியெடுக்கிறார்களே, அது அச்சத்தின் குறியன்றோ எனின், அன்று. உடல் ஆடுகிறது என்று உட்செவி சொல்ல, ஆடவில்லை என்று கைப்பேசித் திரையில் பதிந்த கண் சொல்ல, இவ்விரு சாட்சியங்களின் முரணால் வயிறு அளிக்கும் தீர்ப்பே அது. இரண்டு வயதுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்டோரையே அது மிகுதியாகப் பீடிப்பதால், கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு தொலைவிலுள்ள மலையைப் பார்க்கச் செய்வது பரிகாரம். கழுத்து நிற்காத சிசுவை ஏற்றாமல் விடுவது தர்மம்.

உச்சியில் மேகக்கடலின்மேல் சூரியன் எழுந்ததையும், தகப்பனார் வீரம் மீண்டவராய்ப் படம் எடுத்துக்கொண்டதையும், பிள்ளைகள் பிரெட் ஆம்லெட் கேட்டதையும் விரிப்பின் பெருகும். நம் சித்தாந்தத்துக்குச் சோதனை, இறங்கித் தார்ச்சாலையை அடைந்தபோது நேர்ந்தது. பெரியவர்கள் முகத்தில் அச்சத்தின் சுவடே இல்லை. அழியாத பொருளெனில் அது எங்கே போயிற்று? ஊர் திரும்பும் பேருந்து போடியைத் தாண்டியதும் தாயார், “லீவு முடிஞ்சுது, நாளைக்கு ஸ்கூலு. கணக்கு ஹோம்வொர்க் முடிச்சியா?” என்று சாவதானமாகக் கேட்டார். பேருந்தின் அப் பகுதியில் பேச்சு நின்றது. முழு அச்சமும் கணிதாசிரியர் என்னும் இறையின் பொருட்டுப் பிள்ளையிடம் குடிபுகுந்துவிட்டபடியால் சித்தாந்தம் நிலைபெற்றது. அன்றிரவு வேங்கிக்காலில் விளக்கெரிய, அக் கணக்குகளுள் பாதியைத் தகப்பனார் போட நேர்ந்ததும், அவருக்கும் விடை வராமற் போனதும் அதன் துணைத்தேற்றம்.