கை வை தம்பி, ஏன் கூச்சப்படற?

செய் தம்பி, தாராளமா செய். சோழிங்கநல்லூர்ல ஏசியில உக்காந்துக்கினு, சூப்பர்யூசர் பாஸ்வேர்டையும் கையில வச்சுக்கினு சும்மா இருந்தா எப்படி? சிஸ்டம் டேபிள்னு ஒண்ணு எதுக்கு இருக்குது, உன்னமாதிரி புள்ளைங்க கை வைக்கத்தானே!

உன் கஷ்டம் எனக்குப் புரியுது. வாடிக்கையாளர் பேரு ஃபீல்டு 20 எழுத்துக்கு மேல புடிக்கல. நம்ம ஊர்ல அப்பன் பேரையும் சேத்து எழுதினா 20 எங்க பத்தும்? நூறாக்கலாம்னு ஆல்டர் டேபிள் போட்டா போஸ்ட்கிரெஸ் ஒத்துக்கல. ஒரு வியூ அந்த ஃபீல்ட புடிச்சுக்கினு இருக்குதாம். உடனே எவனோ ஒரு புத்திசாலி உன் காதுல ஊதிட்டான்: ‘பிஜி அட்ரிபியூட்னு சிஸ்டம் டேபிள் ஒண்ணு இருக்குது, அதுல நேரா ஒரு அப்டேட் போடு, ஒரே வரி, வேல முடிஞ்சுது.’

முடிஞ்சுதுதான், யார் இல்லன்னா? அங்க 20ங்கிறது 24ன்னு எழுதியிருக்கும், எப்பவும் நாலு கூட்டித்தான் வைப்பான். அது தெரியாம நீ 100ன்னு எழுதினா 96 கிடைக்கும். சரி, 104ன்னே எழுதிட்டேன்னு வை. அந்த வியூவுக்குன்னு அதே டேபிள்ல தனி வரி ஒண்ணு இருக்குதே, அதுல இன்னும் 24தான். டேபிள் ஒண்ணு சொல்லும், வியூ ஒண்ணு சொல்லும். மாமியார் மருமவ சண்டை உனக்கு வீட்டுல பத்தலபோல.

உன்னவிட கெட்டிக்காரன் ஒருத்தன் இருப்பான், அவன் நூற இருபதாக்குவான். கத்தாது, கதறாது, ஒரு எரர் வராது. பழைய நீளப் பேரெல்லாம் உள்ள அப்படியே கெடக்கும். தெனமும் பேக்கப் நல்லா ஓடும். என்னைக்கு சர்வர் படுத்துக்கினு பேக்கப்ப திருப்பி ஏத்தறானோ, அன்னைக்குத்தான் ‘இந்தப் பேரு ரொம்ப நீளம்’னு அந்த டேபிளையே ஏத்தமாட்டேன்னு உக்காந்துக்கும். எண் இருந்த எடத்த எழுத்துன்னு மாத்தி எழுதினவன் கதை இன்னும் ஜோரு. அவனுக்கு சர்வரே மயங்கி வுழும்.

இந்த சிஸ்டம் டேபிள் மாதிரித்தான் எங்க காலத்துல கிராமத்துல ‘அ’ பதிவேடுன்னு ஒண்ணு. எந்த சர்வே நம்பர், எவ்ளோ பரப்பு, பட்டா நிலமா, ஏரியா, புறம்போக்கான்னு எல்லாம் அதுல இருக்கும். கர்ணம் பேனாவுக்கு இருந்த மவுசு மந்திரிக்குக்கூட கெடையாது. ஏரின்னு இருக்கிறத மனைன்னு ஒருத்தன் எழுதிட்டாலும் ஏரி எங்கியும் போயிடாது தம்பி. 2015 டிசம்பர்ல ஒரே நாள்ல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் பேஞ்சுதே, முடிச்சூர்ல அடையாத்துத் தண்ணி வீட்டுக்குள்ள பூந்துதே, அந்தத் தண்ணி எந்தப் பத்திரத்தப் படிச்சுது? கணக்கு தப்புன்னா நேர்ல போயி நிலத்தப் பாக்கலாம், சங்கிலி புடிச்சு அளக்கலாம். உன் டேட்டாபேஸ்ல நேர்ல போற வழியே கெடையாது. டிஸ்க்குல பைட்டெல்லாம் எங்கியும் போகல, அப்படியேதான் கெடக்குது. அதப் பாக்கறதுக்கு எஞ்சினுக்கு இருக்கிற ஒரே கண்ணு அந்த சிஸ்டம் டேபிள் கணக்குதான். டேபிள் பேரெல்லாம் இருக்கிற பிஜி கிளாஸ்ல ஒரு வரிய அழிச்சா ஃபைல் டிஸ்க்குல இருக்கும், டேபிள் உலகத்துலேயே இருக்காது.

இதுக்கெல்லாம் அந்த காட் மகராசனத்தான் சொல்லணும். ஐபிஎம்ல இருந்தாரே எட்கர் காட், 1985ல ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு விதியெல்லாம் எழுதினப்ப நாலாவதா, கணக்கையும் டேபிளாவே வை, அதே மொழியில விசாரிக்கலாம்னு எழுதிட்டாரு. விசாரிக்கத்தான் சொன்னாரு. நம்மாளு செலக்ட் போற எடத்துல அப்டேட் போகாதான்னு கேக்கறான்.

தாம்பரம் மெப்ஸுல கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல பழம் தின்னு கொட்டை போட்டவன் நான். எஸ்கியூஎல் சர்வர் 2000ல ‘அலவ் அப்டேட்ஸ்’னு ஒரு செட்டிங் இருந்துது, அத ஒண்ணாக்கிட்டா சிஸ்டம் டேபிள் உன் மாமனார் வீடு. 2005ல மைக்ரோசாஃப்ட்காரன் நெஜமான டேபிள எல்லாம் உள்ள ஒளிச்சுட்டான். செட்டிங் மட்டும் இருக்குது, போட்டாலும் ஒண்ணும் நடக்காது. இதவிட மரியாதையா ஒருத்தன ஏமாத்த முடியுமா? அப்பவும் சிங்கிள் யூசர்ல ஏத்தி, அட்மின் கனெக்‌ஷன்ல பூந்து கை வைக்கிறவன் உண்டு. மெமரியில இருக்கிற நகலுக்கும் டேபிளுக்கும் ஒத்துப்போவலாம், போவாமலும் இருக்கலாம், சர்வர ரீஸ்டார்ட் பண்ணுன்னு லாக்ல எழுதிடும். அப்புறம் செக்டிபின்னு சோதனை ஓட்டினா, இங்க எவனோ கேட்டலாக்ல நேரா கை வச்சான், கடைசியா இந்தத் தேதியிலன்னு சொல்லும். உன் பேர மட்டும் சொல்லாது, அது மேனேஜருக்கே தெரியும்.

மைஎஸ்கியூஎல்காரன் 8.0லேருந்து இந்தக் கணக்க, அதான் டேட்டா அகராதிய, கண்ணுலயே காட்டறதில்ல. யூசர் டேபிள மட்டும் இன்னும் தொடலாம். தொட்டுட்டு ஃப்ளஷ் பிரிவிலேஜஸ் குடுக்காம, ‘தாத்தா, பாஸ்வேர்டு மாத்தினேன், மாறவே இல்ல’ன்னு மூஞ்சிய தூக்கிவச்சுக்கினு வந்துடுவீங்க.

சரி, நெஜமாவே வேல முடியணுமா, இல்ல வீரம் காட்டணுமா? வேல முடியணும்னா பிகின் போடு. வியூவ டிராப் பண்ணு, ஆல்டர் டேபிள் போடு, வியூவ மறுபடி கட்டு, கமிட் பண்ணு. போஸ்ட்கிரெஸ்ல இது மொத்தமும் ஒரே டிரான்சாக்‌ஷன்ல அடங்கும், நடுவுல கோளாறுன்னா ரோல்பேக். 9.2லேருந்து நீளத்தக் கூட்டறதுக்கு டேபிள திருப்பி எழுதறதும் இல்ல, ஒரு இமை கொட்டற நேரம். வியூவுக்கு யார் யாருக்கு உரிமை குடுத்திருந்தேன்னு முன்னாடியே எழுதி வச்சுக்கோ, டிராப்போட அதெல்லாம் போயிடும். கிராண்ட் குடுக்க மறந்தேன்னா காலையில ஒம்போது மணிக்கு, நீ தாம்பரம் ஸ்டேஷன்ல எலக்ட்ரிக் டிரெய்ன்ல தொங்கிக்கினு இருக்கும்போது, அக்கவுண்ட்ஸ் பொண்ணு ஃபோன் பண்ணித் திட்டும். வாங்கிக்கோ. திட்டிட்டு அது டீ குடிக்கப் போயிடும், நீ குரோம்பேட்ட தாண்டறதுக்குள்ள கிராண்ட் குடுத்துடலாம்.