பக்கத்து சீட் காலி

ரயில் கூட்டத்துக்கும் ஜப்பான் அரசு இலக்கணம் வகுத்திருந்தது. 150 சதவீதம் என்றால் செய்தித்தாளை விரித்துப் படிக்கலாம். 180 என்றால் மடித்துப் படிக்கலாம். 200 என்றால் உடம்போடு உடம்பு நசுங்கும்; ஆனாலும் வாரப் பத்திரிகை ஒன்றை எப்படியோ புரட்டிவிடலாம். 250 என்றால் கையே அசையாது. டோக்கியோவின் தோசாய் தடத்தில் 2019-இல் காலை நெரிசல் 199. மிச்சமிருந்த அந்த ஒரு சதவீதத்தில்தான் யாரோ மூச்சு விட்டிருக்க வேண்டும்.

நான் ஏறிய காலையில் வெள்ளைக் கையுறை போட்ட ஸ்டேஷன் ஊழியர் ஒருவர், ஊறுகாய் ஜாடியில் கடைசி மாங்காயை அமுக்குகிற பக்குவத்தோடு என் முதுகை அமுக்கினார். கதவு மூடியது. உள்ளே கருமாதி வீட்டை விட அமைதி. அந்த அமைதியில் என் போன் அலறியது. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை; நம்மூர்போல நாலு பேர் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

சாயங்காலம் உட்கார இடம் கிடைத்தது. என் பக்கத்து சீட் மட்டும் காலி. எதிரே பத்துப் பேர் நிற்கிறார்கள். காலையில் என் விலா எலும்பை எண்ணியவர்களும் அதில் இருக்கலாம். நைசாகச் சட்டையை முகர்ந்து பார்த்தேன், சோப்பு வாசனைதான். வெளிநாட்டு முகத்துக்கு அங்கே கிடைக்கிற இலவச முதல் வகுப்பு இது என்று, ஊர் பழகிய நம்மவர்கள் பிறகு சொன்னார்கள்.

கடைசியில் டை கழன்ற ஆபீஸ்காரர் ஒருவர், முகம் பார்க்காமல் பொத்தென்று அந்தக் காலி சீட்டில் விழுந்தார். அரை நிமிடத்தில் குறட்டை. தலை என் தோளில். என் ஸ்டேஷன் வந்தது, போனது. எழுந்திருக்க மனசு வரவில்லை.